அந்த ஆயிரம் எங்கதானுங்க போகுது?

(வாசகர் கேள்வி, பதில்)

போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன்: பொருளாதாரம் படித்தவர்கள் இப்போது பங்குச் சந்தையை விட்டுவிட்டு முட்டை, மாத்திரை, தூக்கம் என்று ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள் என்று. அதற்கு வந்த கடிதங்கள் மேசையில் குவிந்துவிட்டன. பலரும் பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருப்பதால் எல்லாருக்கும் ஊர் மட்டும்.

கோபிசெட்டிபாளையம் பக்கமிருந்து ஒரு விவசாயி: மாசம் பொறந்தா பொம்பளைகளுக்கு உரிமைத்தொகைன்னு ஆயிரம் ரூபா அக்கவுண்ட்ல விழுகுது. சும்மா வந்த காசு சும்மாதானுங்க போகும். கடைசியில டாஸ்மாக் கல்லாவுக்குத்தானே போய்ச் சேருது? காட்டு வேலைக்கும் ஆள் வர்றதில்லை. உங்க ஆராய்ச்சிக்காரங்க இதுக்கு என்ன சொல்றாங்க?

ஐயா, உங்கள் ஊர் டீக்கடையில் மட்டுமல்ல, உலகம் முழுக்க இதே பேச்சுத்தான். ஏழை கையில் காசு கொடுத்தால் குடித்துத் தீர்ப்பான் என்பது. உலக வங்கியில் இருந்த எவன்ஸ், போப்போவா என்ற இருவர் ஆப்பிரிக்கா, தென்னமெரிக்கா, ஆசியா என்று பல நாடுகளில் நடந்த 19 ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டிப் பார்த்தார்கள். அரசு ரொக்கம் கொடுத்த வீடுகளில் சாராயத்துக்கும் புகையிலைக்கும் ஆகும் செலவு கூடவில்லை, சொல்லப்போனால் கொஞ்சம் குறைந்தே இருந்தது.

இதில் எவ்வளவு காசு என்பதைவிட யார் கையில் காசு என்பதுதான் பெரிய விஷயம். பிரிட்டனில் ஒரு காலத்தில் பிள்ளைகளுக்கான சலுகை பெரும்பாலும் அப்பாவின் சம்பளத்தில் வரிக்கழிவாக வந்துகொண்டிருந்தது. 1970களின் கடைசியில் அதை நிறுத்தி, அம்மா கையில் ரொக்கமாகக் கொடுக்க ஆரம்பித்தார்கள். பெரிதாக மாறியது தொகை அல்ல, பை. ஆனால் அதற்குப் பிந்தைய குடும்பச் செலவுக் கணக்கைப் பார்த்தால், ஆண்கள் துணிக்கு ஆனதோடு ஒப்பிடும்போது பெண்கள் துணிக்கும் பிள்ளைகள் துணிக்கும் ஆன செலவு கூடியிருந்தது. தென்னாப்பிரிக்காவில் 1990களில் கறுப்பின முதியவர்களுக்கும் நல்ல தொகையாக ஓய்வூதியம் கிடைத்தபோது எஸ்தர் டுஃப்ளோ (2019இல் பொருளாதார நோபல் வாங்கிய மூவரில் ஒருவர்) ஒன்றைக் கவனித்தார். பாட்டி ஓய்வூதியம் வாங்கிய வீட்டில் பேத்திகளின் எடையும் உயரமும் தேறின. தாத்தா வாங்கிய வீட்டில் அப்படி எதுவும் தெரியவில்லை. தாத்தாக்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், நானும் ஒரு தாத்தாதான்.

எங்கள் வீட்டில் எருமைப்பால் காசு அம்மாவுடையது, மஞ்சள் விற்ற காசு அப்பாவுடையது. நான் படித்த பீஸ் முழுக்க அம்மாவின் கடுகு டப்பாவிலிருந்து வந்தது. மஞ்சள் காசு எங்கே போயிற்று என்று இன்றைக்கு வரைக்கும் எங்களில் யாருக்கும் தெரியாது.

ஒரு ஓட்டை மட்டும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். பெண்டாட்டிக்கு ஆயிரம் வருகிறதே என்று புருசன் வீட்டுச் செலவுக்குக் கொடுப்பதில் ஆயிரத்தைப் பிடித்துக்கொண்டால், அந்த ஆயிரம் சுற்றிக்கொண்டு நீங்கள் சொல்கிற கல்லாவுக்கே போகலாம். நோட்டில் பெயர் எழுதியா இருக்கிறது? 2023 செப்டம்பர் 15ஆம் தேதி உரிமைத்தொகை ஆரம்பித்தபோது ஏறக்குறைய 1 கோடியே 6 லட்சம் பெண்களுக்குப் போனது. அத்தனை வீட்டிலும் ஒரே மாதிரி நடக்கும் என்று நான் எப்படிச் சொல்வேன்?

காட்டு வேலைக்கு ஆள் வராததற்கு ஆயிரத்தைக் குறை சொல்கிறீர்கள். மில் வண்டி ஊருக்குள்ளேயே வந்து ஆளை ஏற்றிக்கொண்டு போகிறது, பெருந்துறை சிப்காட்டும் திருப்பூரும் வருசம் முழுக்க வேலை தருகின்றன. களையெடுப்புக்கு நீங்கள் வருசத்தில் எத்தனை நாள் கூப்பிடுவீர்கள்? மத்தியப் பிரதேசத்தில் ஓர் ஆய்வு. அங்கே நூறு நாள் வேலைக் கூலியைப் புருசன் கணக்கில் போடாமல் பெண்ணின் சொந்தக் கணக்கிலேயே போட்டு, கணக்கை எப்படிப் பயன்படுத்துவது என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். அந்தப் பெண்கள் வேலைக்குப் போவது கூடியது, அதுவும் அரசு வேலைக்கு மட்டுமல்ல, வெளி வேலைக்கும். அது உழைத்த கூலி, இது உதவித்தொகை, இரண்டும் ஒன்றில்லை என்று நீங்கள் சொன்னால் ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் சொந்தக் கணக்கில் காசு விழுந்தால் பெண் வீட்டில் படுத்துக்கொள்வாள் என்பதற்கு அங்கே சாட்சி கிடைக்கவில்லை.

கரூரிலிருந்து ஒரு சகோதரி: எங்க வீட்டுக்காரர் லோடு ஏத்தற வேலை. சாயங்காலம் கூலி கையில வாங்கினா பாதிதான் வீட்டுக்கு வருது. குடிக்கறதுக்கு ஆகற காசு போக மீதியும் காணோமே, அது எப்படிங்க?

நல்ல கேள்வி சகோதரி, இதையேதான் சென்னையில் ஷில்பாக் என்ற ஆராய்ச்சியாளரும் கேட்டார். தினக்கூலிக்கு உழைக்கும் 229 பேர், சைக்கிள் ரிக்சா மிதிப்பவர்கள். மூன்று வாரம். எல்லாருக்கும் ஒரு சேமிப்புக் கணக்கு, தினமும் வந்து மூச்சை ஊதிக் காட்ட வேண்டும். சிலருக்கு மட்டும், பகலில் குடிக்காமல் வந்தால் கூடுதல் காசு. அவர்கள் பகலில் தெளிவாக இருப்பது கூடியது, சேமிப்பும் மற்றவர்களைவிட ஏறக்குறைய 50 சதவீதம் கூடியது. அது முழுக்க, குடிக்காததால் மிஞ்சிய காசு என்ற கணக்கில் அடங்கவில்லை. போதையில் இருக்கும்போது நாளை என்பது கண்ணுக்குத் தெரிவதில்லை, தெளிந்தால் தெரிகிறது, எடுத்து வைக்கிறார்கள். உங்கள் மீதிக் காசு போன வழியும் அதுவாக இருக்கலாம்.

இன்னொரு விஷயம், எனக்கு இதுதான் ரொம்பப் பிடித்தது. தங்கள் காசில் கொஞ்சத்தை விட்டுக்கொடுத்தாவது அந்த ‘குடிக்காமல் வந்தால் காசு’ ஏற்பாட்டுக்குள் இருக்கிறோம் என்று பலர் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். குடிக்கிறவர் எல்லாரும் விரும்பித்தான் குடிக்கிறார் என்று நினைக்காதீர்கள். அவரைத் திட்டுவதை ஒரு வாரம் நிறுத்திவிட்டு, கூலியைச் சாயங்காலம் கையில் தராமல் மறுநாள் காலையில் கணக்கில் போடச் சொல்லி மேஸ்திரியிடம் அவரையே கேட்க வையுங்கள். அவர் நிதானமாக இருக்கும் காலை நேரத்தில் இந்தப் பேச்சை எடுங்கள்.

பொள்ளாச்சியில் மழலையர் பள்ளி நடத்தும் அம்மிணி: சாயங்காலம் பிள்ளையைக் கூட்டிப் போக லேட்டா வர்ற பெத்தவங்களுக்கு 50 ரூபாய் அபராதம் போடலாமா?

போடாதீங்க. இஸ்ரேலின் ஹைஃபா நகரில் 10 பிள்ளைக் காப்பகங்களை 20 வாரம் கவனித்தார்கள், சிலவற்றில் நடுவில் அபராதம் கொண்டுவந்தார்கள். தாமதமாக வருவோர் ஏறக்குறைய இரட்டிப்பாகிவிட்டார்கள். முன்னால் டீச்சர் காத்திருக்கிறாரே என்று கூச்சம் இருந்தது, இப்போது அதற்குத்தான் காசு கட்டுகிறோமே! பிறகு அபராதத்தை எடுத்துவிட்டும் பழைய கூச்சம் திரும்பவில்லை.

சத்தியமங்கலத்திலிருந்து ஒரு கரும்பு விவசாயி: கரும்பு வெட்டறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி இருந்தே எனக்குப் புத்தி மழுங்கிப் போகுதுங்க. வட்டிக் கணக்கு தப்பாப் போடறேன், மோட்டார் போட்டதை மறந்துடறேன். கட்டிங் ஆர்டர் வந்து காசு கைக்கு வந்ததும் சரியாயிடுது. ஊட்டுக்காரி கோயமுத்தூர் போய் மூளை டாக்டரைப் பாருங்கறா.

அண்ணா, உங்களை மாதிரியே 464 கரும்பு விவசாயிகளைப் பிடித்துப் பரீட்சை வைத்திருக்கிறார்கள், அதுவும் நம் தமிழ்நாட்டிலேயே, விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில். ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், இன்னும் இருவர் சேர்ந்து 2013இல் வெளியிட்டார்கள். கரும்பை ஏன் எடுத்தார்கள் என்பதுதான் அதில் சாமர்த்தியம். கரும்புக்காரருக்குக் காசு மொத்தமாக வெட்டுக்குப் பிறகு வருகிறது, அதற்கு முந்தின மாதங்களில் அடகும் கைமாத்துமாக ஓடுகிறது. வெட்டுத் தேதியை ஆலை வரிசைப்படி தருவதால் பக்கத்துக் காட்டுக்காரர் இந்த மாதம் பணக்காரர், நீங்கள் மூன்று மாதம் கழித்து. ஆக, அதே ஆளை இல்லாதபோது ஒரு தடவை, இருக்கும்போது ஒரு தடவை சோதிக்கலாம், பருவத்தைக் காரணம் சொல்லவும் முடியாது. வரைபடத்தில் விட்டுப்போன துண்டைக் கண்டுபிடி என்பது மாதிரி ஒரு சோதனை, எண்களைத் தடுமாறாமல் சொல்வது மாதிரி இன்னொன்று. வெட்டுக்கு முன் அதே ஆள் தப்பு அதிகம் செய்தார், வெட்டுக்குப் பின் தேறினார்.

கடன் மண்டையின் ஒரு மூலையில் உட்கார்ந்து இடத்தை அடைத்துக்கொள்கிறது என்பது அவர்கள் விளக்கம். எல்லாரும் இதை ஏற்றுக்கொண்டுவிடவில்லை. 2016இல் அமெரிக்காவில் குறைந்த வருமானக்காரர்களைச் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் சோதித்த வேறொரு குழுவுக்கு, புத்திக் கூர்மையில் எந்த வித்தியாசமும் கிடைக்கவில்லை. மாதச் சம்பளக்காரருக்கு ஒரு வாரம் இழுபறி, கரும்புக்காரருக்குப் பல மாதம் என்பதால் இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது என்பது என் எண்ணம், அவ்வளவுதான்.

வெட்டுக்கு முந்தின அந்த இரண்டு மாதத்தில் கிரயம், அடகு, சம்பந்தம் எதையும் பேசி முடிக்காதீர்கள். வட்டிக் கணக்கைக் காசு இருக்கும் மாதத்திலேயே வருசத்துக்கும் நோட்டில் போட்டு வைத்துவிடுங்கள், தேவைப்படும்போது படித்தால் போதும். காசு வந்த பிறகும் மறதி போகவில்லை என்றால் ஊட்டுக்காரம்மா சொல்வதுதான் சரி, டாக்டரிடம் போங்கள்.

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றின் சூப்பர்வைசர்: மத்தியானம் சாப்பிட்டுட்டு கட்டிங் டேபிளுக்கு அடியில பசங்க பத்து, இருபது நிமிசம் தூங்கறாங்க. ஒன்றரை ஷிப்ட் ஓடற கம்பெனி, முதலாளி பார்த்தா சத்தம் போடறாரு. எழுப்பறதா விடறதா?

விடுங்கள். இதுக்கும் சென்னையிலேயே ஆய்வு இருக்கிறது, 2021இல் வந்தது, 452 பேர். கையில் கடிகாரம் மாதிரி ஒரு கருவியைக் கட்டி அளந்தார்கள். ராத்திரி எட்டு மணி நேரம் படுக்கையில் இருக்கிறார்கள், உண்மையில் தூங்குவது சராசரியாக ஐந்தரை மணி நேரம்தான். வெயில், கொசு, சத்தம், பக்கத்து வீட்டு வெளிச்சம். திருப்பூர் லைன் வீட்டில் ஒரே அறையில் ஆறு பேர் படுக்கும் உங்கள் பசங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். சரி, ராத்திரித் தூக்கத்தைக் கூட்டினால் என்ன ஆகும் என்று காதை அடைக்கப் பஞ்சு, கண்ணை மூடப் பட்டை, படுக்கை எல்லாம் கொடுத்து 27 நிமிடம் கூட்டினார்கள். வேலை கூடும் என்றுதான் நிபுணர்கள் எதிர்பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை! வேலை அப்படியே, உடம்பும் அப்படியே.

ஆனால் மத்தியானம் அலுவலகத்திலேயே அமைதியான இடம் கொடுத்து அரை மணி நேரம் தூங்க விட்டார்கள் பாருங்கள், அதில் பலன் தெரிந்தது. எழுந்தபின் வேலை வேகம் கூடியது, மனசு தேறியது, சேமிப்புகூடக் கொஞ்சம் கூடியது. ராத்திரி விட்டு விட்டுத் தூங்கும் அரை மணியும் பகலில் நிம்மதியாகத் தூங்கும் அரை மணியும் ஒன்றில்லை போலிருக்கிறது.

முதலாளியிடம் சொல்லும்போது முழுக் கணக்கையும் சொல்லுங்கள், பாதியைச் சொல்லி மாட்டிக்கொள்ளாதீர்கள். சும்மா இடைவேளை எடுத்து உட்கார்ந்திருந்தவர்களைவிடத் தூங்கினவர்கள் அதிகம் சம்பாதித்தார்கள். இடைவேளையே இல்லாமல் வேலை செய்தவர்களைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் சம்பாதித்தார்கள், ஏனென்றால் அரை மணி போய்விட்டது. ஆகவே பீஸ் ரேட்டில் இருக்கும் பசங்களைத் தூங்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் வேண்டாம். அவனவன் இஷ்டம். உங்கள் பசங்கள் எப்படியும் சாப்பாட்டு நேரத்தில்தானே படுக்கிறார்கள், கம்பெனிக்கு என்ன நஷ்டம்? மேசைக்கு அடியில் படுக்க வைக்காமல் ஓரமாக ஒரு பாயும் ஃபேனும் போட்டுக் கொடுங்கள்.

அப்புறம், தையல் பகுதியில் இன்னும் பழைய குழல்விளக்கா? பெங்களூர் ஆயத்த ஆடைக் கம்பெனிகளில் எல்இடி மாற்றியது கரண்ட் பில்லுக்காகத்தான். அந்த விளக்கு சூடு குறைவாகக் கக்குவதால் வெயில் நாளில் உற்பத்தியும் கூடியது என்று கண்டுபிடித்தார்கள். முதலாளிக்குத் தூக்கக் கதை பிடிக்காவிட்டால் இதைச் சொல்லிப் பாருங்கள்.

தாராபுரத்திலிருந்து ஓர் ஓய்வுபெற்ற ஓட்டுநர்: முதலமைச்சர் காப்பீட்டு அட்டை மூணு வருசமாச் சட்டைப் பையில இருக்குது. சர்க்கரை மட்டும் இறங்க மாட்டேங்குது. அட்டையால என்னங்க பிரயோசனம்?

அட்டையிடம் நாம் கேட்பது ஒன்று, அது செய்வது இன்னொன்று. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 2008இல் ஏழைகளுக்கான அரசுக் காப்பீட்டில் கொஞ்சம் இடம்தான் இருந்தது, ஏறக்குறைய 90,000 பேர் வரிசையில் நின்றார்கள். குலுக்கல் போட்டார்கள். ஆராய்ச்சிக்காரர்களுக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி, ஏனென்றால் கிடைத்தவருக்கும் கிடைக்காதவருக்கும் அதிர்ஷ்டம் தவிர வேறு வித்தியாசமே இல்லை. இரண்டு வருசம் கழித்துப் பார்த்தால், ரத்த அழுத்தம், கொழுப்பு, சர்க்கரை மூன்றிலும் சொல்லும்படி மாற்றமில்லை. ஆனால் ஆஸ்பத்திரிச் செலவால் குடும்பம் கவிழ்வது ஏறக்குறைய நின்றே போனது, மனச்சோர்வும் நன்றாகக் குறைந்தது. அவசரப் பிரிவுக்குப் போவது குறையும் என்று எதிர்பார்த்தார்கள், அது 40 சதவீதம் கூடியது.

உங்கள் அட்டை நாளைக்கு நெஞ்சு வலி என்று படுத்தால் இரண்டு ஏக்கரை விற்காமல் காப்பாற்றும். சர்க்கரையை இறக்குவது தினசரி மாத்திரை, நடை, அரிசியின் அளவு. மாத்திரைக்கு அட்டையே வேண்டாம். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள், உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

நாமக்கல்லிலிருந்து ஒரு பாட்டி: மகளைப் பிரசவத்துக்கு ஒரு தனியார் ஆஸ்பத்திரியில சேர்த்தோம். காலையில எல்லாம் நல்லாருக்குதுன்னாங்க, சாயங்காலம் கத்தி வெச்சுட்டாங்க. காசுக்காகத்தான் செய்யறாங்களா?

உங்கள் மகள் விஷயத்தில் என்ன நடந்தது என்று இங்கே உட்கார்ந்து நான் சொல்லக்கூடாது ஆத்தா. தாய், பிள்ளை இரண்டு உயிரையும் காப்பாற்றுகிற ஆபரேசன் அது. ஊர்க் கணக்கைச் சொல்லலாம். 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் தனியார் ஆஸ்பத்திரிப் பிரசவங்களில் 100க்கு ஏறக்குறைய 64 ஆபரேசன், அரசில் 36. சிக்கலான கேஸை அரசுக்கே அனுப்புவது உண்டு என்பதையும் நினைத்துக்கொண்டு இந்த எண்களைப் பாருங்கள்.

அமெரிக்காவில் ஜான்சன், ரெகாவி என்ற இரண்டு பெண்கள் ஒரு வித்தியாசமான கேள்வி கேட்டார்கள்: பிரசவத்துக்கு வந்திருப்பவளே டாக்டராக இருந்தால்? முன்கூட்டியே முடிவு செய்யாத ஆபரேசன், டாக்டர் அம்மாக்களுக்கு மற்றவர்களைவிட ஏறக்குறைய 10 சதவீதம் குறைவு. படுத்திருப்பவளுக்கு விஷயம் தெரியும் என்றால் காசுக் கணக்கு அங்கே செல்லுபடியாவதில்லை. அடுத்த தடவை யாரையாவது சேர்க்கும்போது, ஆபரேசன் என்று சொன்னதும் சண்டை போடாமல், “எதனாலங்க டாக்டர், இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தா பிள்ளைக்கு என்ன ஆகும்?” என்று கேளுங்கள். நல்ல டாக்டர் பதில் சொல்வார்.

அவினாசி பக்கம் ஒரு கிராம சுகாதார செவிலியர்: நம்மூர்ப் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி பிரச்சினை இல்லைங்க. வடநாட்டுத் தொழிலாளிகள் லைன் வீட்டுலதான் விட்டுப் போகுது. புதன்கிழமை போனா வீடு பூட்டிக் கிடக்குது. அவங்களுக்கு அக்கறையே இல்லையா?

அக்கறைக்கு வரும் முன்னால் கிழமையைப் பார்ப்போம். புதன்கிழமை அந்த அம்மா செக்கிங் டேபிளில் நிற்பாள், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வர வேண்டும். ராஜஸ்தானில் உதய்ப்பூர் பக்கம் 134 ஊர்களில் அபிஜித் பானர்ஜி என்ற பொருளாதார நிபுணரும், முன்னே சொன்ன டுஃப்ளோவும், இன்னும் சிலரும் செய்து பார்த்தது உங்களுக்கு உதவும். எதுவும் செய்யாத ஊர்களில் முழுத் தடுப்பூசி போட்ட பிள்ளைகள் 100க்கு 6. சொன்ன நாளில் தவறாமல் முகாம் நடந்த ஊர்களில் 18. முகாமோடு, வரும்போதெல்லாம் ஒரு கிலோ பருப்பும் கடைசி ஊசிக்குத் தட்டு செட்டும் கொடுத்த ஊர்களில் 39. அதே முகாமுக்குப் பிள்ளைகள் கூடியதால் ஒரு பிள்ளைக்கு ஆகும் செலவு, பருப்புக் காசையும் சேர்த்து, ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. காத்திருக்கிற நர்சின் சம்பளம் எப்படியும் ஆகத்தானே போகிறது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு முகாமுக்கு உங்கள் மருத்துவ அலுவலரிடம் கேட்டுப் பாருங்கள், லைன் வீட்டுக்காரரிடம் ஒரு திண்ணை கேளுங்கள், இந்தியில் சொல்ல அங்கேயே பத்தாவது படிக்கிற பையன் ஒருவன் இருப்பான். ஒரு கிலோ பருப்புக்குப் பக்கத்துக் கம்பெனிக்காரரைப் பிடியுங்கள், தீபாவளி போனஸைவிட மலிவு. முதல் மாதம் எத்தனை பிள்ளைகள் வந்தார்கள், இரண்டாவது ஊசிக்கு எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று எண்ணி எழுதுங்கள், அடுத்த இதழுக்கு இடம் வைத்திருக்கிறேன்.